அப்பாவின் தட்டில் பருப்பைத் திரும்பப் போடுங்கள்

கேள்வி: கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 67 வயது. முப்பது வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் வலது கை நடுங்க ஆரம்பித்தது. புதுச்சேரியில் நரம்பியல் டாக்டரிடம் காட்டினோம். பார்க்கின்சன் என்று சொல்லி லெவோடோபா மாத்திரை எழுதிக் கொடுத்தார், நாளைக்கு மூன்று வேளை. பழைய கணக்கு நோட்டுகளை இப்போது எடுத்துப் பார்த்தால், நடுக்கம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே கையெழுத்து சிறுத்துக்கொண்டு வந்திருப்பது தெரிகிறது. வரியின் ஆரம்பத்தில் 'துவரம்பருப்பு' பெரிதாக இருக்கிறது, கடைசியில் உள்ள தொகையைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும்.

மூளைச் செல்லுக்குள் புரதம் கட்டியாகச் சேர்வதுதான் இந்த நோய்க்கு அடிப்படை என்று இரண்டு மாதம் முன்பு இந்தப் பகுதியில் நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து பருப்பு, முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். கஞ்சி, ரசம் சாதம், காய்கறி மட்டும்தான். காலை மாத்திரையை முன்பு ஒரு டம்ளர் பாலோடு கொடுப்போம், இப்போது வெந்நீரோடு கொடுக்கிறோம். ஆரம்பத்தில் நல்ல பலன் தெரிந்தது. காலையில் சீக்கிரமே கை கால் இளகி, தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டார். ஆனால் இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்து 51 கிலோவுக்கு வந்துவிட்டார். மாடிப்படி ஏறத் திணறுகிறார். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று அம்மா மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கி இரவில் கொடுக்கிறார். சொந்தக்காரர் ஒருவர் பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்து தந்திருக்கிறார். இந்தப் பத்தியத்தைத் தொடரலாமா? புரதக் கட்டியைக் கரைக்க மருந்து இருக்கிறதா? எனக்கும் தம்பிக்கும் இது வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பருப்பு. இதைப் படித்த அன்றைக்கே அப்பாவுக்குப் பருப்புச் சாதம் போடுங்கள். மறுநாள் முட்டை. அதற்கடுத்த நாள் சங்கரா மீன் குழம்பு. ஏன் என்பதைப் பிறகு சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம்.

தவறு என்னுடையது. 'புரதம் சேர்கிறது' என்று எழுதியவள், எந்தப் புரதம், அது எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. வருடக்கணக்காக ஆய்வுக்கூடத்தில் இந்தச் சொல்லோடு புழங்கிப் புழங்கி, புரதம் என்றாலே செல்லுக்குள் ஓடியாடி வேலை செய்யும் ஆயிரக்கணக்கான சின்ன இயந்திரங்கள்தான் என் கண்முன் வரும். சமையலறையில் புரதம் என்றால் பருப்பும் முட்டையும் மீனும் என்பது எழுதும்போது மறந்துபோனது. அந்த மறதிக்கு உங்கள் அப்பா ஐந்து கிலோ கொடுத்திருக்கிறார். மன்னிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. தப்பான காரணத்துக்காகத் தொடங்கிய உங்கள் பத்தியத்தில் ஒரே ஒரு விஷயம் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. அப்பா தானே பொத்தான் போட்டுக்கொண்டது பிரமை இல்லை. அதற்கு வருகிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நான் உயிர்வேதியியல் பேராசிரியர், மருத்துவர் இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் நரம்பியல் டாக்டரின் வேலை. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்ல முடியும்.

தட்டில் இருக்கும் பருப்பு என்ன ஆகிறது? வயிற்றிலும் குடலிலும் அதன் புரதம், தான் கோக்கப்பட்ட சின்ன மணிகளான அமினோ அமிலங்களாக உதிர்கிறது. அப்பா கடையில் மூட்டையைப் பிரித்து கால் கிலோ, அரைக் கிலோ பொட்டலமாகக் கட்டியிருப்பார் அல்லவா? பொட்டலத்தைப் பார்த்து அது எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அதுபோல ரத்தத்தில் ஓடும் அமினோ அமிலத்துக்குத் துவரம்பருப்பு, சங்கரா என்ற அடையாளம் எதுவும் கிடையாது. பருப்பின் புரதம் பருப்பாகவே மூளைக்குப் போய்ப் படிவதில்லை.

மூளையில் கட்டியாகச் சேரும் புரதத்தின் பெயர் ஆல்ஃபா-சைனுக்ளின். 140 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னச் சரம். அதை நரம்புச் செல் தனக்குத்தானே தயாரித்துக்கொள்கிறது. நீங்கள் பருப்பை நிறுத்தினாலும் செல் அதை நிறுத்தாது. வெளியிலிருந்து அமினோ அமிலம் வரவில்லையென்றால் உடம்பு சொந்தத் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அப்பாவால் மாடிப்படி ஏற முடியாததற்கு நோய் மட்டும் காரணமாக இருக்காது. தொடைச் சதையும் கரைந்திருக்கும்.

சரி, அப்படியானால் செல் தானே தயாரித்த புரதம் ஏன் கட்டியாகிறது? என் பிழைப்பே இந்தக் கேள்வியில்தான் ஓடுகிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

புரதம் நூல் மாதிரி நீளமாகத்தான் பிறக்கிறது. வேலை செய்ய வேண்டுமானால் அது தனக்கே உரிய வடிவத்தில் மடிய வேண்டும். எப்படி மடிய வேண்டும் என்ற தகவல் அந்த நூலிலேயே இருக்கிறது என்று கிறிஸ்டியன் அன்ஃபின்சன் சோதனைக் குழாயில் நிரூபித்தார், 1972-இல் நோபல் பரிசு வாங்கினார். ஆனால் சோதனைக் குழாயில் ஏகப்பட்ட இடம் இருக்கிறது. செல்லுக்குள்ளோ கோயில் திருவிழாக் கூட்டம். மடிந்து முடியாத நூல் பக்கத்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க நீங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வர வேண்டியதில்லை. பால் திரிந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். புளிப்பு பட்டதும் பாலில் தனித்தனியாக மிதந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திப்பித்திப்பியாகிவிடும். திரிந்த பாலை யாராலும் மறுபடி பாலாக்க முடியாது.

செல் இதற்கு விடாமல் காவல் காக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா என்பவர், மாம்பழத்தை மொய்க்குமே அந்தப் பழ ஈயை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கூட வேலை பார்த்தவர் தெரியாமல் பெட்டியின் சூட்டை ஏற்றிவிட்டார். பார்த்தால், ஈயின் குரோமோசோமில் வழக்கமில்லாத இடங்களில் புடைப்புகள்! சூடு பட்டதும் செல் அவசர அவசரமாகச் சில மரபணுக்களை முடுக்கிவிட்டிருக்கிறது. அவை எதைத் தயாரிக்கின்றன என்பது பின்னால்தான் தெரியவந்தது. மடிப்புக் குலைந்த புரதங்களைப் பிடித்துவைத்து, ஒட்டிக்கொள்ளாமல் காத்து, மீண்டும் மடிய வாய்ப்புக் கொடுக்கும் புரதங்கள் அவை. சாப்பரோன் என்று பெயர். வயசுப் பெண் வெளியூர் போகும்போது துணைக்கு அனுப்புகிற அத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தையாலும் முடியாத புரதங்களுக்கு அடுத்த ஏற்பாடு. சாலை அகலப்படுத்தும்போது இடிக்க வேண்டிய சுவரில் சிவப்புப் பெயின்டால் குறி போடுவார்கள் இல்லையா, அதுபோல செல் கெட்ட புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதத்தைக் குறியாக ஒட்டும். குறி விழுந்ததை புரோட்டியசோம் என்ற பீப்பாய் உள்ளே இழுத்துத் துண்டாக்கும். இதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2004-இல் நோபல். பீப்பாய்க்குள் நுழையாத பெரிய கட்டி என்றால், அதைச் சுற்றி ஒரு பை கட்டி, லைசோசோம் என்ற செரிமான அறைக்குள் தள்ளிவிடும். இந்த வேலைக்கு வேண்டிய மரபணுக்களை ஈஸ்டில் கண்டுபிடித்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல். ஆக, மடிக்கத் துணை, கெட்டால் குறி, குறி விழுந்தால் அழிப்பு. இந்த மொத்த ஏற்பாட்டுக்குத்தான் புரதத் தரக் கட்டுப்பாடு என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம்.

நானும் ஈஸ்டில்தான் வேலை செய்கிறேன். பேக்கரியில் ரொட்டிக்குப் போடுவார்களே, அதே ஈஸ்ட்தான். மூளை நோயை ஆராய ஈஸ்டா என்று உறவினர்கள் இன்றுவரை சிரிக்கிறார்கள். எங்கள் மைக்ராஸ்கோப்பில் ஒரு முறை கண் வைத்துப் பார்த்தால் சிரிக்க மாட்டீர்கள். பச்சையாக ஒளிரும்படி அடையாளம் கட்டிய ஒரு புரதத்தை ஈஸ்டுக்குள் வைத்திருக்கிறோம். 30 டிகிரியில் செல் முழுக்க ஒரே சீரான பச்சை, அகல் விளக்கு வெளிச்சம் மாதிரி. 42 டிகிரிக்கு ஏற்றி அரை மணி நேரம் விடுகிறோம். வெளிச்சம் சுருங்கி ஐந்தாறு புள்ளிகளாகிவிடும், சுற்றிலும் இருட்டு. புரதம் திரிந்துவிட்டது! மறுபடி 30 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கி, பச்சை மீண்டும் பரவும். பால் திரிந்தால் திரிந்ததுதான் என்றேன், ஈஸ்ட் அதைத் திருப்பிவிடுகிறது. இந்தப் பிரிக்கும் வேலையை முன்னின்று செய்யும் எச்எஸ்பி104 என்ற சாப்பரோனை எடுத்துவிட்ட ஈஸ்டில், புள்ளிகள் அப்படியே நின்றுவிடும். எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் சரி. (எங்கள் ஊரில் மே மாதம் கரண்ட் போனால் இந்தச் சோதனை எங்களைக் கேட்காமலே நடந்துவிடும்.)

எச்எஸ்பி104 மனிதச் செல்லில் கிடையாது. வேறு சாப்பரோன்கள் கூட்டாகச் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன, ஆனால் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இல்லை. இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. ஈஸ்ட் தாய்ச் செல் மொட்டு விட்டுக் குழந்தைச் செல்லைப் பெறும்போது, கெட்டுப்போன புரதங்களில் பெரும்பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, குழந்தையைச் சுத்தமாக அனுப்பிவைக்கிறது. நரம்புச் செல் பிரிவதே இல்லை. அப்பாவின் மூளையில் இருக்கும் நரம்புச் செல்களுக்கு ஏறத்தாழ அப்பாவின் வயது. 67 வருடக் குப்பையை யாரிடமும் தள்ளிவிட முடியாமல், உள்ளேயே அழித்தாக வேண்டும். வயது ஏற ஏற சாப்பரோன்களும் புரோட்டியசோமும் லைசோசோமும் சோர்ந்துபோகின்றன. அல்சைமர் என்ற மறதி நோயில் அமிலாய்டு, டௌ, ஹன்டிங்டன் நோயில் ஹன்டிங்டின், உங்கள் அப்பாவுக்கு ஆல்ஃபா-சைனுக்ளின். சேரும் புரதம் வேறு, சேரும் இடம் வேறு. கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைச் செல்லில் உருண்டைகள் இருப்பதை ஃபிரெட்ரிக் லூயி 1912-இலேயே பார்த்துவிட்டார். உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக நோய் வந்த ஓர் இத்தாலியக் குடும்பத்தில் ஆல்ஃபா-சைனுக்ளின் மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதே வருடம், அந்த உருண்டைகளில் நிறைந்திருப்பதும் அதே புரதம்தான் என்று இன்னொரு குழு காட்டியது. செல்லைக் கொல்வது பெரிய உருண்டையா, அதற்கு முந்தைய நிலையில் நாலைந்தாக ஒட்டித் திரியும் சின்னக் கொத்துகளா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. சின்னக் கொத்துகள்தான் மோசம், உருண்டை என்பது செல் குப்பையை ஒரு மூலையில் ஒதுக்கிவைத்த இடமாகவும் இருக்கலாம் என்று நினைப்பவர்களின் பக்கம்தான் நானும்.

உங்கள் 'கட்டியைக் கரைக்க மருந்து' கேள்விக்கு இந்த வாதம் முக்கியம். மறதி நோய்க்கு அமிலாய்டை அகற்றும் லெக்கானிமாப் என்ற ஊசிக்கு 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. படிவு நன்றாகவே குறைகிறது. ஆனால் 18 மாதச் சோதனையில் நோயின் சரிவு 27 சதவீதம்தான் மெதுவானது. நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வருகிறதா என்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே போட வேண்டிய ஊசி அது. ஆல்ஃபா-சைனுக்ளினைக் குறிவைத்த இரண்டு ஊசிகளின் சோதனை முடிவுகள் 2022-இல் வந்தன. இரண்டுமே முதன்மை இலக்கை எட்டவில்லை. பார்க்கின்சன் கட்டியைக் கரைக்கும் மருந்து இன்றைக்கு டாக்டரிடம் இல்லை. 'எங்களிடம் இருக்கிறது' என்று யாராவது சொன்னால், பர்ஸை உள்ளே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது அந்தப் பொத்தானுக்கு வருவோம். மாத்திரையில் இருக்கும் லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலம்தான். குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகவும், ரத்தத்திலிருந்து மூளைக்குப் போகவும், பருப்பிலிருந்தும் பாலிலிருந்தும் வரும் சில அமினோ அமிலங்கள் நுழையும் அதே கதவு வழியாகத்தான் அதுவும் போக வேண்டும். காலை எட்டு மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் புதுச்சேரி பஸ்ஸில் ஏறிப் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் அப்பா மாத்திரையையும் ஒரு டம்ளர் பாலையும் சேர்த்து விழுங்கினார். மாத்திரை கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. பால் நின்று வெந்நீர் வந்ததும் வழி கிடைத்தது, கை இளகியது. நன்மை செய்தது பட்டினி இல்லை, வெந்நீர்.

ஆகவே மாற்ற வேண்டியது நேரத்தைத்தான். மாத்திரையை வெறும் தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ கொடுக்கச் சொல்வது வழக்கம். ஆறு மணிக்கு மாத்திரை, ஆறரைக்கு மேல் பால் காபி. அவ்வளவுதான். வெறும் வயிற்றில் குமட்டினால் கூடவே இரண்டு வாழைப்பழத் துண்டோ ஒரு கைப்பிடி பொரியோ கொடுக்கலாம், அவற்றில் புரதம் சொற்பம். இரும்புச் சத்து மாத்திரை எழுதியிருந்தால் அதையும் இதையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், அதுவும் இதை மறிக்கும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலச்சிக்கலையும் அலட்சியம் செய்ய வேண்டாம். இந்த நோயில் குடல் மந்தமாகும், மாத்திரை வயிற்றிலேயே தங்கிவிடும்.

அளவைப் பொறுத்தவரை, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் ஒரு கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு நாளைக்கு 50 கிராம், சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லையென்றால். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கும். ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம். கடைக்காரருக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டாம், அவரிடமே கொடுங்கள். நோய் முற்றி, மாத்திரையின் வேலை பாதியில் தீர்ந்துபோகும் கட்டத்தில் மட்டும், பகலில் புரதத்தைக் குறைத்து இரவுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கும் முறை உண்டு. இரவில் அடையும் முட்டையும், பகலில் லேசாக. மொத்தம் அதே 50 கிராம்தான். அது தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும். எல்லாருக்கும் பால் இப்படித் தடையாக இருப்பதும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு இருக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இந்தத் தகவலை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பூனைக்காலியை மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். தள்ளவும் முடியாது, ஏனென்றால் அதில் நிஜமாகவே லெவோடோபா இருக்கிறது. அந்த விதையிலிருந்து தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் சென்னையில் அதைப் பிரித்தெடுத்து 1937-இலேயே எழுதிவிட்டார்கள். அது மருந்தாகும் என்று உலகத்துக்குத் தெரியவர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. சிக்கல் என்னவென்றால், ஏற்கெனவே மூன்று வேளை லெவோடோபா சாப்பிடுகிறவருக்கு அளவு தெரியாத நான்காவது வேளையாக அது போய்ச் சேரும். பொடியில் எவ்வளவு இருக்கிறது என்பது விதைக்கு விதை மாறும். மிஞ்சினால் வாந்தி, ரத்த அழுத்த வீழ்ச்சி, கை கால் தன்னிச்சையாக நெளிவது, இல்லாத ஆள் இருப்பதாகத் தோன்றுவது என்று வரிசையாக வரும். சொந்தக்காரர் மனம் நோகாமல் வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். அதை நம்பி டாக்டர் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. உடம்பு விறைத்துக் காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் பதற வைத்தது அம்மா வாங்கிக் கொடுக்கும் தலைசுற்றல் மாத்திரை. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சின்னரிசின், ஃப்ளூனாரிசின், புரோகுளோர்பெரசின் என்று ஏதாவது இருந்தால் இன்றே நிறுத்தும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டு, டாக்டருக்குப் போன் செய்யுங்கள். லெவோடோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறித்தான் வேலை செய்கிறது; அந்த டோபமின் போய் உட்கார வேண்டிய இடங்களில் இவை முன்பே போய் உட்கார்ந்துவிடும். பார்க்கின்சனே இல்லாதவருக்குக்கூட இவற்றால் நடுக்கமும் விறைப்பும் வந்திருக்கின்றன. வாந்திக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெட்டோகுளோபிரமைடும் இதே ரகம். ஒரு கையால் லெவோடோபா கொடுத்து மறு கையால் அதைத் தடுக்கிற கதை. எழுந்து நிற்கும்போது மட்டும் சுற்றுகிறது என்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறதோ என்னவோ. படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் ஒரு முறை பிரஷர் பார்த்து இரண்டு எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள். எடை குறைந்து சாப்பாடும் குறைந்தவருக்கு இது வருவதில் ஆச்சரியமில்லை.

உங்களுக்கும் தம்பிக்கும் வருமா என்றால், பெரும்பாலும் வராது. இந்த நோய் வந்தவர்களில் பத்துப் பதினைந்து சதவீதத்தினருக்குத்தான் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறது. அப்பாவுக்கு வந்ததால் உங்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடும், ஆனாலும் வராமல் போகும் வாய்ப்புதான் பல மடங்கு பெரியது. அறுபதைத் தாண்டி ஒருவருக்கு மட்டும் வந்திருக்கும் குடும்பத்தில் மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டச் சொல்ல மாட்டேன். நோயோடு தொடர்புள்ள மரபணுக்களில் இரண்டின் வேலை என்ன என்று மட்டும் ஆர்வத்துக்காகச் சொல்கிறேன். பார்க்கின் என்பது யுபிக்விட்டின் குறியை ஒட்டும் நொதி. ஜிபிஏ1 தயாரிப்பது லைசோசோமில் வேலை பார்க்கும் நொதி. சுவரில் பெயின்ட் அடிப்பவரும் குப்பை அறைக்காரரும்!

அப்பாவை நடக்க வையுங்கள். உடற்பயிற்சி அசைவையும் நிதானத்தையும் மேம்படுத்துகிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் தேவனாம்பட்டினம் மணலில் வேண்டாம், விழுந்துவிடுவார். சமமான தரை வேண்டும். இங்கே புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை வண்டிகளை நிறுத்தியதும் நடக்க வருகிற கூட்டத்தில் நான் முகங்களைப் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்ப்பேன். ஒரு கை வீசி, மறு கை உடம்போடு ஒட்டியபடியே யாராவது போனால் மனசு அடித்துக்கொள்ளும். தொழில் புத்தி. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது அவர் விவரித்த ஆறு பேரில் சிலர் லண்டன் தெருவில் நடந்து போனவர்கள்தான், ஆகவே எனக்கு முன்னோடி உண்டு. அப்பாவுக்கு வாசற்படி அருகே கால் தரையில் ஒட்டிக்கொள்கிறதா என்று கவனியுங்கள். ஒட்டினால் இழுக்காதீர்கள். தரையில் ஓரடிக்கு ஒரு கோடு வீதம் வெள்ளை டேப் ஒட்டி, கோட்டைத் தாண்டச் சொல்லுங்கள். தன்னால் நகராத கால் கோட்டைக் கண்டதும் நகரும்.

கையெழுத்துக்கும் இதே வழிதான். கடையில் நான்கு கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது. மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார், கை எப்போது இளகியது, எப்போது மறுபடி இறுகியது என்று இரண்டு வாரத்துக்குக் கணக்கு எழுத வேண்டும். நீங்கள் எழுதாதீர்கள், அப்பாவே எழுதட்டும். கோட்டைத் தொட்டுத் தொட்டு, 'பெரிசா எழுதுங்கப்பா' என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தால் எழுத்து பெரிதாகவே வரும். அடுத்த முறை புதுச்சேரி வரும்போது அந்த நோட்டையும், தலைசுற்றல் மாத்திரை அட்டையையும், இரண்டு பிரஷர் எண்களையும் டாக்டர் மேசையில் வையுங்கள்.